பச்சைக் கயிறு கட்டிய குட்டி

"படுத்துக்கிட்டயா அம்மிணி?" என்று கூட வேலை பார்க்கிற திருமூர்த்தி அண்ணன் வெளியிலிருந்து கேட்டார். படுத்தாயிற்று என்று அவருக்கே தெரியும், அவர்தான் இப்போது குழாயின் வாயில் தகரத்தைச் சாத்திவைத்தார், ஆனாலும் கேட்பார், கேட்காவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. "படுத்துட்டனுங்ண்ணா" என்றாள் கோகிலவாணி. குரல் குழாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவள் காதிலேயே விழுந்தது, பக்கத்து வீட்டுப் பொம்பளை யாரோ பேசின மாதிரி. சாக்கடைக்கு வார்த்த சிமெண்டுக் குழாய். எங்கேயோ மிஞ்சிப்போனதை லாரியில் கொண்டுவந்து இந்த மைதானத்தில் உருட்டிவிட்டு, மேலே உடைந்த செங்கல்லும் கம்பியும் பழைய கதவும் போட்டு மூடி, இடிந்த வீடு மாதிரி ஜோடித்து வைத்திருக்கிறார்கள். மீட்புப் படையின் நாய்கள் பழகுகிற இடம். மண்ணுக்கடியில் மாட்டிக்கொண்ட ஆளை மோந்து கண்டுபிடிக்கிற நாய்கள். அவற்றைப் பழக்குகிற கோகிலவாணிதான் இன்றைக்கு மாட்டிக்கொண்ட ஆள். யாருக்கு நாயோ அவர்தான் ஒளிய வேண்டும், இந்தப் பிரிவில் அது ஒரு வழக்கம், எவன் ஆரம்பித்தானோ தெரியாது. குட்டி வந்து தேடி எடுக்கட்டும், எடுத்தால் அது உன் நாய், எடுக்காவிட்டால் அடுத்த குட்டி. நல்ல வழக்கம்தான், குறை சொல்வதற்கில்லை. முதுகுக்கடியில் ஒரு சின்னக் கல் இருந்தது. நகர்ந்து படுக்கலாம். நகரவில்லை. கல் இருக்கிறது என்று தெரிகிறது, உறுத்துகிறதா என்று தெரியவில்லை, இது இரண்டும் வேற வேற சமாச்சாரம் என்பது போன ஆடி வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

குட்டியை இன்னும் அவிழ்த்துவிடவில்லை, அதற்கு முன்னால் சில்லறைச் சோதனைகள் இருக்கின்றன, குழாய்க்குள் கிடந்தபடியே அவளால் எல்லாவற்றையும் காதால் பார்க்க முடியும். கழுத்தில் பச்சைக் கயிறு கட்டின லேப்ரடார் குட்டி, பால் மறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, வயிறு ஒரு பக்கம் போனால் கால் ஒரு பக்கம் போகும். இந்த மாதம் வந்த குட்டிகளில் இதுதான் கடைசி. சிவப்புக் கயிறு, நீலக் கயிறு, கறுப்புக் கயிறு எல்லாம் தேறாமல் வளர்த்தவர் வீட்டுக்கே திரும்பிப் போயிற்று. தேறாது என்று சொன்னதும் கோகிலவாணிதான். நேற்று இன்ஸ்பெக்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், இதுவும் தேறாவிட்டால் அவ்வளவுதாம்மா, நாயில்லாத ஆளுக்கு நாய்ப் பிரிவுல என்ன வேலை, ஸ்டோர்ல உக்காந்து கம்பளியும் கயிறும் எடுத்துக் குடுத்துட்டு இரு. திட்டவில்லை. தன்மையாகத்தான் சொன்னார். அவளும் சரிங்க சார் என்று தன்மையாகத்தான் கேட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்கு முந்தியே நாயோடு சேர்ந்தவள், நாய் வாடை அடிக்குது என்று மாமியார் தனிச் சோப்பு வாங்கிவைக்கும்படி இருந்தவள், அவளுக்கு அந்த இடத்தில் அழுகையாவது வந்திருக்க வேண்டாமா? கோபமாவது? ஸ்டோரில் ஃபேன் ஓடுமா என்று யோசித்தாள். ஓடும், ஆனால் சத்தம் போடும். சரி, போடட்டும்.

டணார் என்று எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்தது. திருமூர்த்தி அண்ணன் வேண்டுமென்றேதான் போடுவார், குட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, தலை உயரத்திலிருந்து. குட்டி பயப்பட வேண்டும். பயப்படாத குட்டிக்குக் காது கேட்கவில்லை என்று அர்த்தம், இல்லையென்றால் மண்டைக்குள் ஒன்றுமில்லை என்று அர்த்தம். பயந்து ஓடிவிட்டு, தள்ளி நின்று பார்த்துவிட்டு, அப்புறம் என்ன கெரகமோ அது என்று தட்டுக்கிட்டேயே திரும்பி வருகிறதே, அதுதான் குட்டி. பயமில்லாததை நாம தேடலை, பயந்த எடத்துக்குத் திரும்பி வருதான்னுதான் பாக்கறோம் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு எத்தனை தடவை பாடம் எடுத்திருக்கிறாள், பெரிய டீச்சர் மாதிரி. மழை முடிந்து மறுபடி, போன ஆடியில் சரிந்த அந்த மலைக்கு ஆள் கேட்டபோது காய்ச்சல் என்று லீவு போட்டாளே, அவளுக்கு எந்த நிறத்தில் கயிறு கட்டித் திருப்பி அனுப்புவது? வெளியே கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தட்டில் நகம் கீறுகிற மாதிரி ஒரு சத்தம். "அட, நக்குது அம்மிணி! தட்டை நக்குது! கறிச்சோறு போட்டாப்பல!" என்று திருமூர்த்தி அண்ணன் கூவினார். அடுத்தது பந்து. பந்தைக் காட்டி ஆசைமூட்டி ஓட்டுச் சில்லுக் குவியலுக்குள் வீசிவிடுவார், சில்லுக்கு அடியில் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. நீலக் கயிறு அந்த இடத்தில்தான் ஒரு தும்பியைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனது. இது போகவில்லை. சில்லுகள் சரிகிற சத்தம், கீறுகிற சத்தம், ஒரு தும்மல், மறுபடி கீறல். "விட மாட்டீங்குது அம்மிணி. நா எடுத்துக் குடுக்கப் போனா என்னையப் பாத்து உறுமுது. சித்தெ இரு, முடியட்டும்." சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று கோகிலவாணிக்குத் தெரிந்தது. சந்தோஷம் வருகிறதா என்று காத்துப் பார்த்தாள். தண்ணீர் விடாத நாளில் முனிசிபாலிட்டிக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று மட்டும் வருமே, அப்படித்தான் வந்தது.

விடாமல் தேடும். தேடினால் எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று அதற்குத் தெரியுமா? பவானிக்கும் தெரியாது. பவானியும் இப்படித்தான் சில்லுக் குவியலை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்த குட்டி, அதைப் பார்த்துத்தான் கோகிலவாணி என் நாய் என்று தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள், அன்றைக்கெல்லாம் வாய் ஓயாமல் சிரித்தாள். போன ஆடியில் மலை இறங்கி ஒரு ஊரையே மூடிக்கொண்டபோது பவானி அதே அடத்தோடு தேடினாள். உயிர் இருந்தால் குரைக்க வேண்டும். உயிர் இல்லையென்றால் சத்தமில்லாமல் படுத்து, முகவாயை மண்ணில் வைக்க வேண்டும். அப்படித்தான் பழக்கியது. மேட்டில் நிற்கிற அதிகாரி நாய் நின்றதைப் பார்த்ததும் கையை வாயில் குவித்துக் கேட்பார், "உயிரா, உடலா?" உயிர் என்றால் மிஷின் வராது, ஆள்கள் கையால் தோண்ட வேண்டும், டாக்டர் ஓடிவர வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கேள்வி. உடல் என்றாள் கோகிலவாணி. அடுத்த இடத்திலும் உடல் என்றாள். வீடே போய் நிலைக்கதவு மட்டும் பூட்டின பூட்டோடு நின்ற இடத்தில் பவானி அந்தக் கதவுக்குக் கீழே படுத்து முகவாயை வைத்தாள், உடல் என்றாள். தக்காளிச் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள், தின்றாள், நன்றாகத்தான் இருந்தது, அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், அந்த மண்ணில் நின்றுகொண்டு தக்காளிச் சாதம் எப்படி நன்றாக இருக்கும்?

பவானி தின்னவில்லை. நாயின் வால் இறங்கிவிட்டது. அதற்கு ஆளைக் கண்டுபிடித்தால் ஆள் எழுந்து சிரிக்க வேண்டும், கயிற்றுப் பொம்மையை இழுத்து விளையாட வேண்டும், அதுதான் அதற்குச் சம்பளம், இங்கே ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அப்படியே விட்டால் நாய் வேலையை மறந்துவிடும். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள் இந்தத் தொழிலில். சாயங்காலம் திருமூர்த்தி அண்ணன் போய் ஒரு தகரத்துக்கு அடியில் மூச்சுவிடாமல் படுத்துக்கொள்வார். பவானி மோந்துகொண்டே போய் அவரைக் கண்டுபிடித்துக் குரைப்பாள். அவர் தகரத்தைத் தள்ளிக்கொண்டு, அடி என் தங்கமே என்று எழுவார், கயிற்றை இழுப்பார், உருளுவார், கோகிலவாணி நாக்கைச் சுழற்றிக் குலவை போடுவாள். பிரிவில் மற்றவர்களெல்லாம் கைதட்டுவார்கள், குலவை போடுகிறவள் அவள் ஒருத்திதான், கோயிலில் போடுவாளே அதே குலவை, பவானிக்கு அதைக் கேட்டால் பைத்தியம் பிடித்துவிடும். கடைசியாகப் போட்ட குலவைக்குப் பவானி மட்டுமா வந்தாள்? கீழே முகாமில் பிளாஸ்டிக் நாற்காலியில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, மகனைத் தேடி வந்தவள், குலவைச் சத்தம் கேட்டு எழுந்து ஓடிவந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. "கெடச்சுட்டானுங்களா? உசுரோட கெடச்சுட்டானா?" அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? கோகிலவாணி சொன்னாள், "இல்லீங்கம்மா. இது நாய்க்காகப் போட்டதுங்." நாய்க்காக. அந்த அம்மா திட்டியிருந்தால் தேவலை. மண்ணை வாரி இறைத்திருந்தால் தேவலை. "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு, செருப்பில்லாத காலைப் பார்த்தபடி நடந்து போய் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நாய்க்குச் சாயங்காலம் ஆனால் ஒரு திருமூர்த்தி கிடைத்தார், அந்த அம்மாவுக்கு யார் போய் ஒளிந்துகொள்வார்கள்?

அதற்குப் பிறகு குலவை வரவில்லை. குலவை மட்டுமா? டீ சுட்டால் சுட்டது தெரியவில்லை, வீட்டுக்காரர் குழம்பில் உப்பில்லை என்று சொன்னால்தான் இல்லை என்று தெரிந்தது. பொங்கலுக்கு முந்தி தாரணி கோ-கோவில் ஜெயித்து, தன் உயரத்துக்குப் பாதி இருக்கிற கோப்பையைக் கட்டிக்கொண்டு, தெருமுனையிலிருந்தே அம்மா அம்மா என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பெற்ற பிள்ளை. கோகிலவாணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், பெரிய கோப்பைதான், சந்தோஷமான விஷயம்தான், எல்லாம் தெரிகிறது. "சரி, கை கழுவிட்டு வந்து சாப்பிடு" என்றாள். பிள்ளை ஒரு நிமிஷம் வாசற்படியிலேயே நின்றது. இன்னும் ஏதாவது வரும் என்று நின்றது. பிறகு கோப்பையை டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போயிற்று. இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் நடப்பதை அப்பாவிடம்தான் சொல்கிறாள், அம்மா வந்தால் ஒன்றுமில்லை என்கிறாள். பயமாக இருக்கிறது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும், ஆனால் பயமும் அந்தக் கல் மாதிரிதான், இருக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்தக் குழாயின் வாயில்தான் பவானியும் வந்து படுத்தாள். அதை நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் வரும், குழாய்க்குள் வந்து படுத்தாலே வரும். மார்கழியில் ஒரு நாள், வழக்கமான பயிற்சி, கோகிலவாணி இதே மாதிரி ஒளிந்திருந்தாள். பவானி நேராக வந்தாள், தகர இடுக்கில் மூக்கை விட்டாள், நன்றாக மோந்தாள். குரைக்கவில்லை. மெல்லக் காலை மடக்கிப் படுத்து, முகவாயை மண்ணில் வைத்தாள். திருமூர்த்தி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "போச்சு அம்மிணி, கெழவிக்கு மூக்கு போச்சு. உசுரோட இருக்கற ஆளைப் பாத்து..." டாக்டர் வந்தார், வயசாகிவிட்டது என்றார், பவானிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது கொட்டகை நிழலில் படுத்துக் கிடக்கிறாள், மூக்கு போன நாயாம். அதே மூக்கு கோகிலவாணி பைக்குள் வைத்திருக்கிற வறுகடலையை மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கண்டுபிடிக்கிறது, அது எப்படி? இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள். பவானி தப்பாகச் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டால்? வைத்துக்கொள்ளாதே, விடு. அந்தக் குட்டிகளும் அப்படித்தானே? சிவப்புக் கயிறு வந்தது, மோந்தது, முகத்தைப் பார்த்தது, போய்விட்டது. நீலம் வந்தது, பார்த்தது, போய்விட்டது. கறுப்பு அவள் கன்னத்தை நக்கக்கூட நக்கியது, நக்கிவிட்டுக் காத்திருந்தது, வாசற்படியில் தாரணி நின்ற மாதிரி. பிறகு போய்விட்டது. தேடுற வெறி போதாதுங்ண்ணா, தேறாது என்று அவள் சொன்னாள், குட்டி பார்ப்பதில் கோகிலவாணி சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். குட்டிகளா தேறவில்லை? தேடி வந்ததுக்குக் குழாய்க்குள் என்ன கிடைத்தது அதுகளுக்கு? ஒரு சிரிப்பு, ஒரு தங்கம் சாமி, ஏதாவது? மரக்கட்டையைக் கண்டுபிடித்த குட்டி மறுபடி எதற்கு வரும்?

வெளியே பேச்சு நின்றிருந்தது. திருமூர்த்தி அண்ணன் வாயை மூடினார் என்றால் கயிற்றை அவிழ்த்துவிட்டார் என்று அர்த்தம். தேடலில் மட்டும் பேச மாட்டார். கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டாள். செங்கல் மேல் சின்னச் சின்ன நகங்கள் வழுக்குகிற சத்தம், விழுகிற சத்தம், மறுபடி ஏறுகிற சத்தம். வந்துவிடும். வந்தால் தேறாது என்று சொல்லிவிடலாம், அதில் என்ன கெட்டுப்போகிறது? யாராவது ஃப்ளாட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். ஏசி இருக்கும், சோபா இருக்கும், பிள்ளைகள் பிஸ்கட் போடும், பந்து வீசினால் பந்து கிடைக்கும். பூட்டின கதவுக்குக் கீழே போய் முகவாயை வைக்க வேண்டியதில்லை. கோகிலவாணி ஸ்டோரில் கம்பளி மடிப்பாள். எல்லாருக்கும் நல்லது. தகரம் அசைந்தது. சூடான மூச்சு ஒன்று காதோரம் வந்தது, பால்பொடி வாடை, மண் வாடை. ஈரமூக்கு கன்னத்தில் பட்டது, புருவத்தில் பட்டது, மூக்குத்தியில் பட்டு நின்றது. இப்போது குலவை போட வேண்டும். நாக்கு வாய்க்குள் அது பாட்டுக்குக் கிடந்தது. தங்கம் என்றாவது சொல்ல வேண்டும். சொல்லவில்லை. குட்டி முகத்துக்கு நேராக உட்கார்ந்து பார்ப்பது கண்ணை மூடியிருந்தும் தெரிந்தது. போ சாமி, போ, போய்ச் சோபாவில் படு. கொஞ்ச நேரம் கழித்து அது போனது. தகரம் அசைந்தது, வெளிச்சம் வந்து போனது, செங்கல் மேல் நகச் சத்தம் தள்ளிப் போயிற்று. சரி. முடிந்தது. எதிர்பார்த்ததுதான்.

தகரம் மறுபடி அசைந்தது. பயந்த இடத்துக்குத் திரும்பி வருகிறதா என்றுதான் பார்க்கிறோம். எங்கேயோ கிடந்த சாக்குத் துணியைக் கவ்வி இழுத்துக்கொண்டு வந்திருந்தது, தன்னைவிடப் பெரிய சாக்கு, இதுவாவது உனக்குப் பிடிக்குமா என்று கேட்கிற மாதிரி அவள் கழுத்தில் கொண்டுவந்து போட்டது. அவள் அசையவில்லை. வயிற்றின் மேல் ஏறியது, மிதித்தது, இறங்கியது, சேலை முந்தியைத் தேடியிருக்கும், அது யூனிஃபார்ம், முந்தி இல்லை. பின்னலைக் கவ்வி இழுத்துப் பார்த்தது. இடுப்புப் பக்கம் வெதுவெதுவென்று நனைந்தது, அட கெரகமே, மேலேயே போய்விட்டதா? அதுவும் சரி, போகட்டும், துவைத்துக்கொள்ளலாம் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் வலது கைச் சுண்டுவிரலை முழுசாக வாய்க்குள் வாங்கிக்கொண்டு ஒரு கடி கடித்தது. பால்பல். கருவேல முள் மாதிரி பல். நகக்கண்ணுக்குள் இறங்கியது. "ஆ! நாசமாப் போற நாயே!" என்று கோகிலவாணி கண்ணைத் திறந்து அலறினாள். அலறல் குழாயெல்லாம் சுற்றி வந்து அவள் காதிலேயே விழுந்தது, இந்தத் தடவை பக்கத்து வீட்டுப் பொம்பளை குரலாக இல்லை. விரல் வலித்தது. தோள் வரைக்கும் வலித்தது. முதுகுக்கடியில் கல் உறுத்தியது, சே, இத்தனை நேரமும் இதன் மேலா படுத்திருந்தோம்? குட்டி பின்னால் துள்ளி விழுந்து, எழுந்து, காது இரண்டும் முன்னால் விழ அவளைப் பார்த்தது. இந்தக் கட்டைக்குள் ஆள் இருக்கிறது! வாலோடு சேர்ந்து பின்பாதி உடம்பே ஆடியது. குரைத்தது. குரைப்பென்று சொல்ல முடியாது, கீச்சென்று ஒரு சத்தம், அதற்கே ஆச்சரியமாகப் போய் ஒருதரம் நிறுத்திவிட்டு மறுபடி குரைத்தது, மறுபடி, விடவில்லை. ரத்தம் வருகிற விரலை அவள் நீட்டினாள், கவ்விக்கொண்டது, இழுத்தாள், இழுத்தது. குலவை போடலாமா என்று நாக்கை அசைத்துப் பார்த்தாள், வரவில்லை, வெறும் காற்றுத்தான் வந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் காதுக்குள் இறங்கி ஓடியது. குட்டிக்கு அதுவே போதுமாயிருந்தது போல, ஒரு பக்கக் காதை நக்கியது.

இதை அனுப்பினால் ஃப்ளாட்டில் சுகமாக இருக்கும். வைத்துக்கொண்டால் மலைக்குப் போகும், கூடவே அவளும் போக வேண்டும், மேட்டிலிருந்து கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். கூடவே சாயங்காலம் தகரத்துக்கடியில் யாராவது படுக்க வேண்டும். அந்த மாதிரி ஒரு அம்மா எழுந்து ஓடிவந்தால் அவளிடமும் பதில் சொல்ல வேண்டும். பயம் வந்தது. நிஜமாகவே வந்தது. வெளியே செங்கல் மேல் பெரிய கால்கள் தடதடவென்று ஓடிவருகிற சத்தம் கேட்டது. குரைப்பைக் கேட்டதும் திருமூர்த்தி அண்ணனுக்கு எங்கே நிற்கிறோம் என்பது மறந்துபோயிருக்க வேண்டும், அங்கே மலையில் கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிப்போன கேள்வி வாயில் வந்துவிட்டது. "உயிரா, உடலா?" என்று கத்தினார். கத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டார், காலடிச் சத்தம் நின்றதில் தெரிந்தது. கொட்டகைப் பக்கமிருந்து பவானி ஒரு தடவை குரைத்தாள். "உயிருங்ண்ணா" என்றாள் கோகிலவாணி. சத்தம் போதவில்லை, வெளியே கேட்டிருக்காது. குட்டி விரலை விடவில்லை. இன்னொரு தடவை கத்தித்தான் சொன்னாள், உயிர் என்றும், குட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றும்.